மருதாணி உங்கள் கையில் ஏன் அப்படிச் சிவக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீடு. ஒரே கிண்ணத்தில் குழைத்த மருதாணியை ஒரே இரவில் அக்காவுக்கும் தங்கைக்கும் இட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் மணமகளான அக்காவின் கை செங்கல் நிறத்தோடு நின்றுவிட்டது. தோழியாக நின்ற தங்கையின் கையோ கருஞ்சிவப்பாகப் பழுத்திருந்தது. தாயார் என்னைத் தனியே அழைத்து, "தங்கைக்கு வேறு மருதாணி போட்டீர்களா, பிள்ளை?" என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்த வருத்தம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

வேறு மருதாணி இல்லை. வேறு தோல். இதை ஒவ்வொரு வீட்டிலும் வாயால் சொல்லிச் சொல்லி வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். மருதாணி, மருதோன்றி, அழவணம் என்று நீங்கள் எப்படி அழைத்தாலும் செடி ஒன்றுதான்.

மருதாணி தோலில் என்னதான் செய்கிறது?

இலைக்குள் லோசோன் என்ற சாயம் இருக்கிறது. காய்ந்த இலையின் எடையில் அது ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு அல்லது இரண்டு பங்குதான். பச்சை இலையில் அது சர்க்கரையோடு கட்டுண்ட வடிவில் அடைபட்டுக் கிடக்கிறது. செடியில் இருக்கும் இலையைத் தொட்டால் கை சிவக்காததற்குக் காரணம் அதுதான். இலையை அரைத்து, நீரும் சிறிது புளிப்பும் சேர்த்துச் சில மணித்தியாலம் வைத்தால் கட்டு அவிழ்ந்து சாயம் வெளியே வருகிறது.

நம் தோலின் மேற்பரப்பு இறந்த செல்களால் ஆன ஒரு படை. அந்தச் செல்கள் முழுவதும் கெரட்டின் என்ற புரதம் நிறைந்திருக்கிறது. லோசோன் அந்தக் கெரட்டினோடு வேதிமுறையில் பிணைந்துகொள்கிறது. வெறும் பூச்சாக மேலே ஒட்டிக்கொண்டிருந்தால் சவர்க்காரம் போட்டவுடன் போய்விடும். பிணைந்துவிட்டதால், அந்தச் செல் உதிரும் நாளில்தான் அதன் நிறமும் போகிறது. ஆகவே எத்தனை செல் அடுக்குகள் சாயம் குடித்தன என்பதே நிறத்தின் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. கீழே வரும் பெரும்பாலான பதில்கள் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

எடுத்தவுடன் பூசணிக்காய் நிறத்தில் இருக்கிறது. மருதாணி சரியில்லையா?

அதுதான் சரியான மருதாணி. காய்ந்ததைச் சுரண்டி எடுத்த உடனே தெரிவது செம்மஞ்சள். அதன் பிறகு காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டு 24 மணித்தியாலத்தில் செந்நிறமாகவும், 48 மணித்தியாலத்தில் செம்பழுப்பாகவும் முதிர்கிறது. இந்த முதிர்ச்சியை அவசரப்படுத்த முடியாது. ஞாயிறு காலை முகூர்த்தம் என்றால் வெள்ளி மாலை போடுங்கள் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். சனி இரவு போட்டால் தாலி ஏறும் நேரத்தில் கை மஞ்சளாக நிற்கும், திங்கட்கிழமை விருந்தினர் போன பிறகு அழகாகச் சிவக்கும்.

நோன்புப் பெருநாளுக்கு இது இன்னும் சிக்கல். கொழும்பு பெரிய பள்ளிவாசலிலிருந்து பிறை அறிவிப்பு வந்த பிறகுதான் பல வீடுகளில் மருதாணியைக் கையில் எடுக்கிறார்கள். காலையில் தொழுகைக்குப் போகும்போது நிறம் பாதி வழியில்தான் இருக்கும். நோன்பு 29இலும் முடியலாம், 30இலும் முடியலாம். 27ஆம் அல்லது 28ஆம் நோன்பு இரவில் போட்டுவிட்டால் பிறை எந்த நாளில் தெரிந்தாலும் கை தயாராக இருக்கும்.

உள்ளங்கையில் அப்படிப் பிடிக்கிறது. புறங்கையிலும் முழங்கையிலும் ஏன் ஏறுவதில்லை?

உடம்பின் பெரும்பாலான இடங்களில் அந்த இறந்த செல்படை மிக மெல்லியது. ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பிரித்தால் அதில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அது பல மடங்கு தடிப்பு. நடந்து, பிடித்து, உரசி வாழ்வதற்காக இயற்கை தந்த கவசம் அது. சாயத்துக்கு அங்கே இறங்க நிறைய இடம் இருக்கிறது. போதாததற்கு உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. மற்ற இடங்களில் தோல் தானே சுரக்கும் எண்ணெய் ஒரு மெல்லிய திரையாக நிற்கிறது, மென்மயிரும் இருக்கிறது.

ஆகவே நிறம் ஒரு வரிசையில் இறங்கும். உள்ளங்காலும் உள்ளங்கையும் முதலில், பிறகு விரல்கள், மணிக்கட்டு, புறங்கை, முன்கை. மேல்கை, முதுகு, வயிறு ஆகிய இடங்களில் எவ்வளவு நல்ல மருதாணியானாலும் பழுப்புக்கலந்த செம்மஞ்சளோடு நிற்பது இயல்பு. முழங்கைக்கு மேலே சித்திரம் கேட்கும் மணமகளிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். படத்தில் பார்த்த நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வந்திருந்தால், அந்தப் படத்தில் வண்ணத்தைத் திருத்தியிருக்கக்கூடும், அல்லது அது மருதாணியே அல்ல.

ஒரே உள்ளங்கையில் விரல்நுனி கறுத்துப்போகிறது, நடு இடம் வெளுத்திருக்கிறது. ஏன்?

விரல்நுனியில் தோல் தடிப்பு. நடு உள்ளங்கை குழிந்து, மடிந்து, வியர்த்து, நீங்கள் தூங்கும்போது விரல்களுக்குள் அகப்பட்டு முதலில் உதிர்ந்துவிடுகிறது. வட்டமும் தொப்பியும் இடும் நம் பழைய முறையில் நடுவட்டத்தை அப்பிப் பெரிதாக வைப்பார்கள். மருதாணி அங்கே தடிப்பாக, ஈரமாக, நீண்ட நேரம் இருக்க வேண்டும் என்ற அறிவு அந்த வழக்கத்துக்குள் இருக்கிறது. மெல்லிய கோடுகளை நடுவில் நெருக்கிப் போடும் இன்றைய சித்திரங்களில் அந்த வசதி இல்லை.

என் தோல் கறுப்பு. எனக்கு மருதாணி பிடிக்காது என்று அழகுக்கலை நிலையத்தில் சொன்னார்கள். உண்மையா?

இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. எத்தனை பெண்பிள்ளைகள் இதைக் கேட்டுக் கையை மடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்! தோலின் நிறத்தைத் தரும் மெலனின் வேறு, மருதாணி பிணையும் கெரட்டின் வேறு. கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் கெரட்டின் ஒன்றுதான், சாயம் ஏறுவதும் ஒரே விதமாகத்தான்.

மாறுவது கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. செம்பழுப்புக் கோடு மாநிறத் தோலின் மேல் நிற்கும்போது பின்னணியும் அதற்கு நெருங்கிய நிறமாக இருக்கிறது. அதனால் புறங்கையில் மயிரிழைக் கோடுகள் மங்கித் தெரியும். அதற்கு வழி உண்டு. கோட்டைத் தடிப்பாக இடுங்கள், இதழ்களை உள்ளே நிரப்புங்கள், கோடுகளுக்கிடையே வெற்றிடம் தாராளமாக விடுங்கள். உள்ளங்கை எல்லா மனிதருக்கும் வெளிர்நிறம். அங்கே நீங்கள் யாருக்கும் குறைந்தவர் இல்லை. வெயிலில் வேலை செய்து உரமேறிய கறுத்த கைகளில் வந்த கருஞ்சிவப்பைப்போல ஒரு நிறத்தை நான் மிருதுவான வெள்ளைக் கைகளில் கண்டதில்லை.

வறண்ட தோல், எண்ணெய்ப்பசைத் தோல், வியர்க்கும் கை. ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது?

வறண்ட தோல் சாயத்தை எடுக்கும். ஆனால் செதில்செதிலாக உதிர்வதால் நான்காம் ஐந்தாம் நாளே திட்டுத்திட்டாக அழியும். ஒரு கிழமைக்கு முன்பிருந்தே இரவில் தேங்காய் எண்ணெய் தடவித் தோலைப் பதப்படுத்துங்கள். மருதாணி போடும் நாளில் மட்டும் எதுவும் தடவக்கூடாது.

எண்ணெய்ப்பசை உள்ளவர்கள், கைக்குக் கிரீம் பூசிப் பழகியவர்கள், வெயிலுக்கான பூச்சுப் பாவிப்பவர்கள் சவர்க்காரத்தால் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு வந்து அமர வேண்டும். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேரின் நிறக்குறைவுக்கு அன்று காலை பூசிய கிரீம்தான் காரணம்.

கையில் வியர்வை ஊறுபவர்கள்தான் மிகவும் கஷ்டப்படுவார்கள். கோடு தோலில் ஒட்டாமல் மிதந்து படர்ந்துவிடும். கலவையைக் கொஞ்சம் கெட்டியாகக் குழைத்து, மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து, அடிக்கடி துணியால் ஒற்றிக்கொண்டு போட வேண்டும். நிறம் குறையும் என்று அவர்கள் பயப்படத் தேவையில்லை. கலவை தோலோடு ஒட்டி நின்றுவிட்டால் ஈரமும் சூடும் அவர்களுக்குச் சாதகமே.

சொறி, படை, சொரியாசிஸ் உள்ள இடத்திலும், வெட்டுக்காயம் உள்ள இடத்திலும் போடாதீர்கள். அங்கே மேற்படை உடைந்திருக்கிறது.

கொழும்பின் புழுக்கம் நல்லதா, கெட்டதா?

இரண்டும்தான். சாயம் இறங்குவது கலவை ஈரமாக இருக்கும்வரை மட்டுமே. நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம் என்பதால் கலவை மெதுவாகக் காய்கிறது, தோலும் சூடாக இருக்கிறது. இது வரம். ஆனால் அதே புழுக்கத்தில் வியர்வை கோட்டைக் கரைக்கிறது.

குளிர்சாதன அறையில் நிலைமை தலைகீழ். காலி வீதி மண்டபங்களின் மணமகள் அறைகளில் குளிர் உடம்பை உறைய வைக்கும். அரை மணித்தியாலத்தில் கலவை வெடித்துத் தூளாகக் கொட்டும், விரல்களும் சில்லென்று ஆகும். நிறம் எழும்பாது. அப்படியான இடத்தில் தேசிக்காய்ப் புளியில் சீனி கரைத்த பாகைப் பஞ்சால் மேலே ஒற்றுங்கள். சீனி ஈரத்தைப் பிடித்து வைக்கும், உதிராமல் ஒட்டும். அளவாக ஒற்றினால் போதும், வழிந்தால் கோடு கலையும்.

குறைந்தது 4 மணித்தியாலம், முடிந்தால் 6 முதல் 8 மணித்தியாலம் வைத்திருங்கள். எடுக்கும்போது தண்ணீர் வேண்டாம். கரண்டியின் பின்புறத்தால் சுரண்டி, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுங்கள். அதன் பிறகு அடுத்த நாள்வரை தண்ணீரிலிருந்து கையைக் காப்பாற்றினால் நிறம் உங்களுக்கு நன்றி சொல்லும்.

பித்த உடம்புக்குச் சிவக்குமாமே? சிவந்தால் மாமியார் பாசம் காட்டுவாராமே?

சூடான கைக்குச் சாயம் நன்றாக ஏறும் என்பது உண்மை. பித்த உடம்பு என்று பெரியவர்கள் சொன்னதில் அந்த அளவுக்கு ஓர் அவதானிப்பு இருக்கிறது. கை குளிர்ந்தவர்கள் வெந்நீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு அமரலாம்.

மாமியார் விஷயம் வேறு. அதை விளையாட்டாகச் சொல்லிச் சிரிக்கும் வீடுகளை நான் மதிக்கிறேன். ஆனால் நிறம் ஏறாத மணமகள் ஒருத்தி அந்தப் பேச்சைக் கேட்டுக் கண்கலங்கியதைப் பார்த்தவள் நான். உள்ளங்கைத் தோலின் தடிப்பில் எழுதியிருப்பது அவளுடைய வாழ்க்கை அல்ல.

தேயிலைச் சாயம், கராம்பு, தேசிக்காய், புளி. எதைச் சேர்த்தால் சிவக்கும்?

புளிப்பு சாயத்தை மெதுவாக, சீராக விடுவிக்கிறது. தேசிக்காய்ப் புளி சேர்ப்பதன் பயன் அதுதான். தேயிலைச் சாயம் தன் நிறத்தை உங்கள் தோலில் விட்டுச்செல்வதில்லை, அது வேறொரு வகை நீர், அவ்வளவே. சட்டியில் வறுத்த கராம்பின் புகையில் கையைக் காட்டுவது சூட்டினால் உதவுகிறது. புகைக்கு மிக அருகில் கொண்டுபோகாதீர்கள்.

யூகலிப்டஸ் தைலம், லவண்டர் தைலம் போன்றவை சில சொட்டுச் சேர்த்தால் நிறம் தெளிவாக ஆழமாகிறது. பழகிய கைகள் பலவும் இதைச் செய்கின்றன. யூகலிப்டஸைச் சிறுபிள்ளைகளுக்கு வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் இலை புதிதாக இருப்பது. பழைய தூளில் சாயமே இல்லாமல் போயிருக்கும். அதற்குமேல் எதைக் கொட்டினாலும் பயனில்லை. அம்மியில் அரைத்த பச்சை இலையின் வாசனைக்கு ஈடில்லை என்றாலும், அதில் நீர் அதிகம், சாயம் ஐதாக இருக்கும். வீட்டுச் செடி இலையில் செம்மஞ்சளே அதிகம் வருவது அதனால்தான்.

கடையில் வாங்கும் கறுப்பு மருதாணி அரை மணித்தியாலத்தில் பிடிக்கிறதே? அது ஏன் கூடாது?

ஏனென்றால் கறுப்பு மருதாணி என்று ஒரு செடி உலகத்தில் இல்லை. அந்தக் கறுப்பு பெரும்பாலும் பரபினைலீன் டையமின், சுருக்கமாகப் பிபிடி, என்ற இரசாயனம். முடிச்சாயத்தில் இருப்பது. ஐரோப்பிய நாடுகளில் முடிச்சாயத்தில்கூடத் தலையில் படும் அளவு நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் போகக்கூடாது, தோலில் நேரடியாகப் பூசவே கூடாது. ஒவ்வாமைத் தோல் நோய்களுக்கான அமெரிக்கச் சங்கம் 2006ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது இதைத்தான்.

என் தங்கையின் மகளுக்கு அப்போது 12 வயது. பாடசாலை விழாவுக்காகப் புறக்கோட்டையில் ஒரு கடையில் கோன் வாங்கிக் கையில் பூ வரைந்துகொண்டாள். ஒரு மணித்தியாலத்தில் கன்னங்கரேலென்று வந்தது, பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்பதாம் நாள் அரிப்பு. பத்தாம் நாள் பூ எங்கே இருந்ததோ அங்கே இதழ் இதழாகக் கொப்புளம். நீர் கோத்து, உடைந்து, ஆறி, மாதக்கணக்கில் அந்தப் பூ வெளுத்த தழும்பாக அவள் கையில் இருந்தது. தோல் வைத்தியர் சொன்னது தழும்பைவிடப் பாரமானது. உடம்பு ஒருமுறை பிபிடியை எதிரியாகக் குறித்துக்கொண்டால் வாழ்நாள் முழுவதும் மறக்காது. நாளை அவள் முடிச்சாயம் பூசினால் முகம் வீங்கலாம். சில விறைப்பு மருந்துகளும் சில துணிச்சாயங்களும்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

எப்படி இனங்காண்பது? அரை மணித்தியாலத்தில் எடுக்கலாம் என்று எழுதியிருந்தால், எடுத்தவுடன் கறுப்பாக இருந்தால், உள்ளங்கையிலும் மேல்கையிலும் ஒரே கறுப்பு வந்தால், பெற்றோல் அல்லது முடிச்சாய நெடி அடித்தால் வாங்காதீர்கள். குழைத்த மருதாணி நம் வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் வலுவிழக்கும். உறைபெட்டியில் வைத்தால்தான் மாதக்கணக்கில் நிற்கும். அப்படியிருக்க, கடைத் தட்டில் ஒரு வருடம் கிடந்த கோன் எப்படிச் சிவக்க வைக்கிறது என்று கேளுங்கள். கறுப்பு மட்டுமல்ல, சில நிமிடங்களில் இரத்தச் சிவப்பைத் தரும் கோன்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

ஏற்கெனவே போட்டு எரிச்சல் வந்துவிட்டதா? உடனே கழுவுங்கள், வைத்தியரிடம் போங்கள். மஞ்சள், கற்றாழை என்று வீட்டில் ஒவ்வொன்றாகப் பூசிப் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள்.

கைக்குழந்தைக்குப் போடலாமா?

நான் போடுவதில்லை, எவ்வளவு கேட்டாலும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்குச் சுத்தமான மருதாணியே ஆபத்து. மெல்லிய தோல் வழியாக லோசோன் உள்ளே போய்ச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். மஞ்சட்காமாலையும் கடும் இரத்தச்சோகையும் வந்த சம்பவங்களை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. இந்தக் குறைபாடு மலேரியா நெடுங்காலம் நிலவிய நாடுகளில் அதிகம். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது, ஆனால் பரம்பரையில் வந்தது பரம்பரையில் தொடரும். குடும்பத்தில் யாருக்காவது இந்தக் குறைபாடு இருந்தால் வளர்ந்த பிள்ளைக்கும் போடும் முன் வைத்தியரைக் கேளுங்கள்.

எத்தனை நாள் நிற்கும்? எனக்கு ஒரு கிழமையில் போய்விடுகிறதே.

தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறத்தாழ 4 கிழமை எடுக்கிறது. அதில் கடைசி இரண்டு கிழமையளவு அது மேற்படையில் இருக்கிறது. ஆகவே 1 முதல் 3 கிழமைவரை என்பது நியாயமான கணக்கு. தேங்காய் துருவி, மீன் கழுவி, பாத்திரம் விளக்கி, உடுப்புத் துவைக்கும் கை வேகமாக உதிரும். வலதுகைக்காரரின் வலதுகை இடதுகைக்கு முன்பே வெளுப்பது அதனால்தான். கல்கிசைக் கடலில் குளித்தாலும், குளோரின் கலந்த நீச்சல் தடாகத்தில் இறங்கினாலும் நாட்கள் குறையும். கழுவும் வேலைக்கு முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

வயதானவர்களுக்குச் செல் உதிர்வு மெதுவாகிறது. என் அம்மம்மாவின் கையில் நிறம் எங்களைவிட நீண்ட நாள் நின்றது. அவர் அதைத் தன் செடியின் பெருமையாகவே எண்ணியிருந்தார்.

மெழுகு போட்டு மயிர் நீக்குவது, தேய்த்துக் கழுவுவது எல்லாம் முன்பா, பின்பா?

முன்பு. இரண்டு நாளாவது முன்பு. இரண்டுமே மேற்படையைக் கொஞ்சம் பிய்த்தெடுக்கின்றன. அன்றைக்கே செய்தால் சாயம் ஏற வேண்டிய படை குப்பைக்குப் போய்விடும், பின்பு செய்தால் நிறம் போய்விடும்.

நகத்தில் பட்டது ஏன் போகவே இல்லை?

நகம் கெட்டிக் கெரட்டின், அது உதிர்வதில்லை, வளர்ந்து வெட்டப்பட வேண்டும். கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளர்வதால் முழுவதும் நீங்க 6 மாதம் அளவில் ஆகும். கால்நகத்துக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ. விரும்பாதவர்கள் போடும் முன் நகத்தில் நிறமற்ற நகப்பூச்சைப் பூசிக்கொண்டால் போதும்.

முதல் நிறம் பிடிக்கவில்லை. அதன் மேலேயே மறுபடி போடலாமா?

போடலாம். தோல் மெல்லியவர்களுக்கு நான் சொல்லும் சிறந்த வழியும் இதுதான். முதல் இரவு போட்ட அதே கோடுகளின் மேல் அடுத்த இரவும் போட்டால், முதல் முறை சாயம் எட்டாத செல்களும் குடித்துக்கொள்ளும். கோடு விலகாமல் வரப் பொறுமை வேண்டும், இரண்டு இரவு தூக்கம் கெடும். அந்தக் கலியாண வீட்டு அக்காவுக்குச் சில மாதங்கள் கழித்துத் தீபாவளிக்கு இப்படித்தான் போட்டேன், புதன் இரவும் வியாழன் இரவும். சனிக்கிழமை அவளுடைய தாயார் தொலைபேசியில் அழைத்து, இந்த முறை எந்த மருதாணி என்று கேட்டார். அதே தூள்தான் என்றேன்.